ஜெயிக்கிற பக்கம் சாய்கிறவரைத் துரத்துமுன்: பிளேஓஃப் கணிப்புப் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மலையகத்தின் தோட்டங்களிலும் நகரங்களிலும் கணிப்புப் போட்டி நடத்தும் இளைஞர் கழகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சித்திரைப் புத்தாண்டுப் பலகாரம் டின்னில் தீருமுன்னே அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் பிளேஓஃப், அதாவது கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகள், வந்துவிடும். கூடவே இரண்டு சண்டையும் வரும். கோப்பை யாருக்கு என்பது ஒன்று. யார் அசல் ரசிகர், யார் ஜெயிக்கிற பக்கம் சாய்கிற ஆள் என்பது மற்றது. முதல் சண்டைக்குக் கணிப்புத் தாள் கொடுத்து, புள்ளி போட்டு, ஒரு முடிவு காட்டிவிடுகிறீர்கள். இரண்டாவதற்கும் விதி எழுத வேண்டும் என்ற பேச்சு இப்போது அடிபடுகிறது: போன வருடம் கோப்பை வென்ற அணிக்கு இந்த வருடம் புதிதாகக் கொடி பிடிப்பவர் சேரக்கூடாது, ஒரே அணிக்கு மூன்று வருடமாவது ஆதரவு கொடுத்திருக்க வேண்டும் என்ற மாதிரி. அந்த விதி வேண்டாம். பேண்ட்வாகன் ரசிகர் என்று யாரைத் திட்டுகிறோமோ, அவரைப் பாதி உருவாக்குவது நம் புள்ளி அட்டவணைதான்.

கணக்கைப் பாருங்கள். பிளேஓஃபில் 16 அணி, 15 தொடர். ஒரு தொடரில் இரண்டு அணிகள் மோதும், முதலில் நான்கு ஆட்டம் வென்றது அடுத்த சுற்றுக்குப் போகும். முதல் சுற்றில் 8, பிறகு 4, 2, கடைசியில் 1. வழக்கமான முறையில் ஒரு தொடரில் வெல்வது யார் என்று சரியாகச் சொன்னால் கிடைக்கும் புள்ளி சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாகும்: 1, 2, 4, 8. மொத்தம் 32. கோப்பை வெல்லும் அணியைச் சரியாக எழுதியவருக்கு அந்த ஓர் அணியாலேயே 1+2+4+8, அதாவது 15 புள்ளி. முதல் சுற்றின் எட்டுத் தொடரையும் ஒன்று விடாமல் சொன்னவருக்கு வெறும் 8. அப்படியிருக்க யார்தான் பலமான அணியை எழுதாமல் விடுவார்? முப்பது தாள் வந்தால் இருபதில் ஒரே பெயர் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "எல்லாரும் ஜெயிக்கிற பக்கம் ஓடுறானுங்க" என்று நாமே சலித்துக்கொள்வோம்.

இதற்குப் பதில் 2, 3, 4, 5 என்று வையுங்கள். மொத்தம் 41. கோப்பை அணியைச் சரியாகச் சொன்னால் 14 தான். அணிகள் கிழக்கு, மேற்கு என்று இரண்டு பிரிவு; சீசன் முடிவில் தன் பிரிவில் எத்தனையாவது என்பதுதான் ஓர் அணியின் இடம். முதல் இரண்டு சுற்றிலும், இடத்தில் பின்னால் இருக்கும் அணி வெல்லும் என்று எழுதி அது நடந்தால், இரண்டு அணிகளின் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூடுதல் புள்ளியாகக் கொடுங்கள். 3ஆம் இடத்தை 6ஆம் இடம் வென்றால் 2+3, ஐந்து புள்ளி. 2023இல் முதலாம் இடத்து மில்வோக்கியை எட்டாம் இடத்து மியாமி வென்றதே, அதை எழுதியவருக்கு 2+7, ஒன்பது. இது அதிகம் என்று தோன்றலாம். முதல் சுற்றுக்கு 16 அணிகள் வர ஆரம்பித்த 1984 முதல் 2025 வரை, முதலாம் இடமும் எட்டாம் இடமும் மோதிய தொடர்கள் 84. அதில் எட்டாம் இடம் வென்றது ஆறே தடவை: 1994, 1999, 2007, 2011, 2012, 2023. நூற்றுக்கு ஏழு. ஒன்பது புள்ளி ஆசையில் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறவர் நஷ்டப்படுவார். காரணம் தெரிந்து எழுதுகிறவருக்குத்தான் கிடைக்கும்.

தாள் வாங்கும் நேரத்தில்தான் அதிகம் தகராறு. ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஆறு அணி நேரே உள்ளே போகும். 7 முதல் 10 வரை உள்ளவை பிளேஇன் ஆட வேண்டும்: ஏழும் எட்டும் மோதி வென்றது ஏழாம் இடம், ஒன்பதும் பத்தும் மோதித் தோற்றது வீட்டுக்கு, முதல் ஆட்டத்தில் தோற்றதும் இரண்டாவதில் வென்றதும் மோதி வென்றது எட்டாம் இடம். இந்தக் கடைசி ஆட்டங்கள் அமெரிக்காவில் வெள்ளி இரவு நடந்தால் நமக்குச் சனி காலை. பத்து மணியளவில் முடியும். முதல் சுற்றின் முதல் ஆட்டம் அங்கே சனி பகல் ஒரு மணிக்கு என்றால் நமக்கு அதே சனி இரவு பத்தரை. ஆக, முழு அட்டவணையும் தெரிந்து தாள் நிரப்ப ஏறத்தாழ பன்னிரண்டு மணித்தியாலம்தான். வெள்ளிக்கிழமையே தாளை வாங்கிவிட்டால் எட்டாம் இடம் வெறுமையாக இருக்கும், பிறகு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சனி இரவு பத்து மணிக்குப் பூட்டுங்கள். நிரப்பிய தாளைப் போனில் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டால் பிறகு யாரும் அழித்து எழுத முடியாது. திகதியையும் இலங்கைத் திகதியாகவே போடுங்கள். நியூயோர்க் நேரத்துக்கும் நமக்கும் அந்த மாதங்களில் ஒன்பதரை மணித்தியாலம்; அங்கே வியாழன் இரவு எட்டரை நமக்கு வெள்ளி காலை ஆறு.

இனி கணிப்பு. பிளேஓஃப் வேறு ஆட்டம். 82 ஆட்டச் சீசனில் பத்துப் பதினொரு பேரைச் சுழற்றி வெல்லும் அணி உண்டு. பிளேஓஃபில் எட்டுப் பேர்தான் ஆடுவார்கள், முன்னணி ஆட்டக்காரர் நாற்பது நிமிடம் நிற்பார். அதனால் ஆழமான பெஞ்சுக்கு, அதாவது நல்ல மாற்று ஆட்டக்காரர் நிறைய இருப்பதற்கு, மதிப்புக் குறையும், முதல் ஐவருக்குக் கூடும். ஒரே எதிராளியோடு ஏழு தடவை வரை மோதுவதால் ஒரு பலவீனம் தெரிந்துவிட்டால் தொடர் முழுக்க அதையே குத்துவார்கள்.

2021இல் யூட்டா 52-20 (52 வெற்றி, 20 தோல்வி) என்று லீக்கிலேயே முதலிடம். அந்த வருடத்தின் சிறந்த தடுப்பாட்டக்காரர் ரூடி கோபேர் அவர்களிடம்தான் இருந்தார். ஏழடி உயரம், கூடைக்கடியில் நின்றால் யாரும் உள்ளே வர அஞ்சுவார்கள். இரண்டாம் சுற்றில் எதிரணியான லொஸ் ஏஞ்சல்ஸ் க்ளிப்பர்ஸ் என்ன செய்தது? உயரமான ஆளை எடுத்துவிட்டு, தூரத்திலிருந்து எறியத் தெரிந்த ஐந்து பேரை இறக்கியது. ஒருவர் பந்தோடு உள்ளே பாய்வார். கோபேர் பழக்கப்படி கூடையைக் காக்க இரண்டடி உள்ளே நகர்வார். அந்த இரண்டடியில் மூலையில் நிற்கும் டெரன்ஸ் மேன் தனியாகிவிடுவார். பந்து மூலைக்குப் போகும், மூன்று புள்ளி. கோபேர் மூலைக்கு ஓடினால் கூடைக்கடி காலி. ஆறாவது ஆட்டத்தில் யூட்டா 25 புள்ளி முன்னால் இருந்தது. மேன் 39 புள்ளி எடுத்தார். க்ளிப்பர்ஸ் 131-119 என்று தொடரையே முடித்தது. அதுவும் தங்கள் நட்சத்திர ஆட்டக்காரர் காவாய் லெனர்ட் இல்லாமல். ஆக, "முதலிடம்" என்ற ஒரு சொல்லை நம்பித் தாள் நிரப்பாதீர்கள் என்று புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். பெஞ்சிலிருந்து வருகிற ஆள்களில் தடுக்கத் தெரியாதவர் யார், அவரை எதிரணி எப்படி இழுத்து வெளியே கொண்டுவரும் என்று பார்க்கச் சொல்லுங்கள்.

வெற்றி எண்ணிக்கையைவிட சராசரிப் புள்ளி வித்தியாசம் நல்ல அளவுகோல். 2024-25 சீசனில் ஒக்லஹோமா ஓர் ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 12.9 புள்ளி வித்தியாசத்தில் வென்றது, அது லீக்கின் சாதனை. கோப்பையும் அவர்களுக்கே. ஆனால் அந்த அணிக்கே டென்வரோடு ஏழு ஆட்டம், இன்டியானாவோடு ஏழு ஆட்டம் தேவைப்பட்டது. சீசனின் கடைசிப் பத்து ஆட்டத்தை நம்ப வேண்டாம். இடம் உறுதியான அணிகள் பெரிய ஆட்டக்காரரை உட்கார வைத்துவிடும்.

தொடர் எத்தனை ஆட்டத்தில் முடியும் என்றும் எழுதச் சொன்னால் ஒரு புள்ளி கூடுதல் கொடுக்கலாம். சம பலமான இரு அணி மோதினால் நான்கு ஆட்டத்தில் முடிய நூற்றுக்கு 12.5, ஐந்தில் 25, ஆறிலும் ஏழிலும் தலா 31.25. ஆனாலும் ஆசை ஆசையாக 4-0 எழுதுகிறவர்கள் குறைவதில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் நூற்றுக்கு 60 வாய்ப்புள்ள அணிகூடத் தொடரை வெல்வது நூற்றுக்கு 71 தடவைதான். ஒவ்வொரு தொடரிலும் 80 வாய்ப்புள்ள அசுர அணி நான்கையும் வென்று கோப்பை தூக்குவது 41 தடவை. பாதிகூட இல்லை. 2019 முதல் 2025 வரை ஏழு வருடத்தில் ஏழு வேறு அணிகள் வென்றிருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காயம் வேறு இருக்கிறது: 2025இல் நடப்புச் சாம்பியன் பொஸ்டனின் ஜேசன் டேட்டமுக்கு இரண்டாம் சுற்றின் நான்காவது ஆட்டத்தில் குதிகால் தசைநார் அறுந்தது, அந்தத் தொடரோடு பொஸ்டன் வெளியேறியது.

நம் பக்கத்தில் ஒரு பிடித்தமான கணிப்பு உண்டு: டென்வரை அதன் மேட்டில் வெல்ல முடியாது, மூச்சு வாங்கும் என்று. 5,280 அடி என்று ஆடுகளத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நுவரெலியா அதைவிட உயரம். கொழும்பிலிருந்து வருகிறவர் நம் படிக்கட்டில் இளைப்பதைப் பார்த்துப் பழகியதால் நமக்கு அது உடனே மனதில் படுகிறது. ஆனால் 2024இல் ஏழாவது ஆட்டத்தில், அதே மேட்டில், 20 புள்ளி முன்னால் இருந்துவிட்டு மின்னசோட்டாவிடம் டென்வர் தோற்றது. உயரத்துக்கு அரைப் புள்ளி கொடுங்கள், போதும்.

இனி அந்த அசல் ரசிகர் விஷயம். பொஸ்டனில் பிறந்தவர் தன் ஊர் அணியைப் பிடிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. மஸ்கெலியாவிலோ பண்டாரவளையிலோ இருக்கும் நமக்கு எந்த அணியும் சொந்த ஊர் இல்லை. ஏதோ ஒரு வருடம், ஏதோ ஓர் ஆட்டக்காரரை ரசித்து, எல்லாரும் ஓடுகிற வண்டியில் ஏறியவர்கள்தான். முன்னால் ஏறியவர் பின்னால் ஏறுகிறவரைத் தள்ளிவிடுவது பஸ்ஸில் நடக்கும். அதற்கு விதி எழுத வேண்டியதில்லை.

அணிமேல் விசுவாசம் என்றால் எதன்மேல்? கண்டியின் முத்தையா முரளிதரனுக்காக ஐபிஎல் பார்த்தவர் 2008 முதல் 2010 வரை சென்னை, 2011இல் கொச்சி, 2012 முதல் 2014 வரை பெங்களூர் என்று மூன்று நிறம் மாற வேண்டியிருந்தது. அவரைக் கொடி மாற்றியவர் என்போமா? லெப்ரோன் ஜேம்ஸின் ரசிகரும் அப்படித்தான்: கிளீவ்லன்ட், மியாமி, மறுபடி கிளீவ்லன்ட், 2018இலிருந்து லேக்கர்ஸ். 2025 பெப்ரவரியில் டலஸ் அணி தன் நட்சத்திர ஆட்டக்காரர் லூகா டொன்சிச்சை ஒரே இரவில் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டது. அங்கே விட்டுப்போனது ரசிகரா அணியா? சியாட்டில்காரர் நிலை இன்னும் மோசம். 2008இல் அவர்களுடைய அணியே மூட்டை கட்டிக்கொண்டு ஒக்லஹோமாவுக்குப் போனது. உங்கள் மூன்று வருட விதியில் இவர்களை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

முழு ஆட்டம் பார்க்காமல் ஸ்கோர் மட்டும் பார்ப்பவர் ரசிகரே இல்லை என்ற பேச்சும் வேண்டாம். பெரும்பாலான ஆட்டம் நமக்குக் காலை ஐந்துக்கும் பத்துக்கும் இடையில். அது பெரட்டுக்கும் (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பது) பள்ளிக்கும் போகிற நேரம். பிளேஓஃபில் குறைந்தது 60 ஆட்டம், கூடினால் 105. ஆட்டத்துக்கு இரண்டரை மணித்தியாலம் என்றால் குறைந்தபட்சமே 150 மணித்தியாலம். டேட்டா ரீலோட் போட்டுப் பார்க்கிறவரிடம் இந்தப் பரீட்சை வைத்தால், வைஃபை உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அசல் ரசிகர் ஆவார்கள்.

குற்றம் என்று ஒன்று இருக்கிறதுதான். 2019-20இல் கோல்டன் ஸ்டேட் 15-50 என்று லீக்கின் கடைசிக்கு விழுந்தபோது காணாமல் போய், 2022இல் கோப்பையோடு திரும்பி வந்து, இடையில் தோல்வியைச் சுமந்தவர்களைக் கிண்டல் செய்தால் கோபம் வரும். வரட்டும், டீக்கடையில் திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். போட்டி விதியில் தண்டிக்க வேண்டியது ஒன்றே: பூட்டிய பிறகு தாளை மாற்றுவது. இரண்டாம் சுற்றில் வேறு அணிக்கு ஆரவாரம் செய்ய யாருக்கும் உரிமை உண்டு. தாளில் எழுதியது எழுதியதுதான். நடுவில் ஆர்வம் வருகிறவர்களுக்கு ஒவ்வொரு சுற்றுக்கும் தனித் தாள், தனி அட்டவணை வையுங்கள். காசு வாங்கவே வேண்டாம். வாங்கினால் அது பந்தயமாகிவிடும்.

சமநிலை வந்தால் சீட்டுப் போடாதீர்கள். இறுதித் தொடரின் கடைசி ஆட்டத்தில் இரு அணிக்கும் சேர்த்து எத்தனை புள்ளி என்று தாளின் அடியில் ஒரு கட்டம் விடுங்கள். 2024-25 சீசன் சராசரி ஓர் அணிக்கு 113க்கு மேல். அதைப் பார்த்து 225ஐ ஒட்டி எழுதியவர்கள், ஏழாவது ஆட்டம் 103-91 என்று முடிந்தபோது முப்பது புள்ளி தள்ளி நின்றிருப்பார்கள். 200க்குக் கீழே எழுதியவருக்குப் பரிசைக் கொடுங்கள், அவர் எந்த அணியின் ஜேர்சியில் வந்து வாங்கினாலும்.

இப்படிக்கு,
ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துக் கூடைப்பந்து ரசிகர்கள் சிலர்