ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர்களுக்கு: கேட்டுவிட்டு நீக்குங்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் நரசிங்கபுரம் தெருவிலும் லேப்டாப் விற்கும் கடை முதலாளிகளுக்கும், சர்வீஸ் மேசையில் உட்காரும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் ஆடிட்டர் ஆபீஸ், கிளினிக், டிடிபி சென்டர் என்று சின்னச் சின்ன இடங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன் நான். அவர்களுக்குப் புது லேப்டாப் வேண்டுமென்றாலும் பழசு மக்கர் பண்ணினாலும் உங்களிடம்தான் அழைத்து வருகிறேன். அந்த உரிமையில், லேப்டாப்பில் முன்கூட்டியே ஏற்றி வரும் மென்பொருள்களை நீங்கள் நீக்கித் தரும் விதத்தைப் பற்றி எழுதுகிறேன்.

பில் போட்டதும் "தேவையில்லாததெல்லாம் தூக்கிட்டுத் தர்றோம் சார், ஃபாஸ்ட்டா இருக்கும்" என்கிறீர்கள். விண்டோஸில் கட்டளைகளைத் தட்டி ஓட்டும் பவர்ஷெல்லை முழு அதிகாரத்தோடு, அட்மினாகத் திறந்து, இணையத்தில் எங்கோ எடுத்த ஒற்றை வரியை ஒட்டி என்டர் தட்டுகிறீர்கள். திரையில் எழுத்துகள் கடகடவென்று ஓடுகின்றன. ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. என்னென்ன போயிற்று என்று கேட்டால் பதில் இல்லை. அந்த வரி ஒவ்வொரு முறையும் இணையத்திலிருந்து ஸ்கிரிப்டை, அதாவது வரிசையாக ஓடும் கட்டளைத் தொகுப்பை, இறக்கி அப்படியே ஓட்டுகிறது. போன மாதம் அதில் இருந்ததுதான் இன்றும் இருக்கிறது என்று யார் சொல்ல முடியும்?

ஸ்கிரிப்ட் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானே ஸ்கிரிப்ட் வைத்துத்தான் நீக்குகிறேன். புது லேப்டாப்பைத் திறந்ததும் ஆன்டிவைரஸ் சோதனைப் பதிப்பு "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது" என்று பயமுறுத்துகிறது. ஸ்டார்ட் மெனுவில் கேட்காத விளையாட்டுகள் வந்து நிற்கின்றன. இவற்றில் பலவற்றுக்குத் தயாரிப்பு நிறுவனங்களுக்குக் காசு வருகிறது, அதனால்தான் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கியவருக்கு இவற்றைச் சுமக்க வேண்டிய கடமை கிடையாது.

சில சமயம் தொல்லையோடு நிற்பதும் இல்லை. 2014 கடைசியில் விற்பனைக்கு வந்த லெனோவா லேப்டாப்கள் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் என்ற மென்பொருள் இருந்தது. இணையப் பக்கங்களுக்குள் விளம்பரம் நுழைப்பதற்காக இணையதளம் அசல்தான் என்று உறுதிசொல்லும் பாதுகாப்புச் சான்றிதழாக அது தன் சொந்தச் சான்றிதழை விண்டோஸில் பதித்துவிட்டது. எல்லா லேப்டாப்பிலும் அந்தச் சான்றிதழின் ரகசியச் சாவி ஒன்றேதான். அதைக் கண்டுபிடித்த எவரும் அதே வைஃபையில் உட்கார்ந்துகொண்டு போலி வங்கிப் பக்கத்தை அசல் மாதிரி காட்டியிருக்க முடியும். 2015 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்த பிறகு, நீக்குவதற்கான கருவியை லெனோவாவே வெளியிட்டது.

கையால் ஒவ்வொன்றாக அன்இன்ஸ்டால் செய்வதைவிட ஸ்கிரிப்ட் ஒரு விதத்தில் மேல். விண்டோஸோடு வரும் ஸ்டோர் ஆப்களை இப்போதிருக்கும் பயனர் கணக்கில் மட்டும் நீக்கினால் போதாது. அவற்றின் மூலப்பிரதி உள்ளே பத்திரமாக இருக்கும். கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்டுக்கு என்று புதுக் கணக்கு தொடங்கினால் அத்தனையும் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த மூலப்பிரதியையும் சேர்த்து எடுக்கப் பவர்ஷெல்லில் தனிக் கட்டளை இருக்கிறது. ஒழுங்கான ஸ்கிரிப்ட் இரண்டையும் செய்யும். அது சரி, ஆனால் அதே ஸ்கிரிப்ட் வேறு என்னென்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

எனக்குத் தெரிந்த டிடிபி சென்டர் அக்கா ஒருவர், லேப்டாப் மெதுவாக இருக்கிறதென்று சர்வீஸுக்குக் கொடுத்தார். எந்தக் கடை என்பது இங்கே தேவையில்லை. திரும்பி வந்தபோது வேகமாகத்தான் இருந்தது, ஆனால் டெஸ்க்டாப் காலி. கல்யாணப் பத்திரிகை, கிரகப்பிரவேச அழைப்பிதழ் என்று பாதி முடித்த வேலை ஒன்றையும் காணவில்லை. நடந்தது இதுதான். கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ் பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது டெஸ்க்டாப் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் போய்விடும், சில கோப்புகள் கணினியில் இல்லாமல் கிளவுடில் (இணையச் சேமிப்பில்) மட்டுமே இருக்கும். ஸ்கிரிப்ட் ஒன்டிரைவைத் தேவையில்லாததாக நினைத்து நீக்கி, டெஸ்க்டாப்பைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டது.

கோப்புகள் அழிந்துவிடவில்லை, ஒன்டிரைவ் கணக்கில் நுழைந்தால் கிடைத்துவிடும். நுழைவது எப்படி? விண்டோஸ் 11 ஆரம்பத்திலேயே மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்குமே, லேப்டாப் வாங்கிய அன்று அந்தக் கணக்கை உருவாக்கியவர் கடைத் தம்பி. பாஸ்வேர்டு அக்காவுக்குத் தெரியாது. மீட்புக்கான கைபேசி எண் தம்பியுடையது, அவரோ கடையை விட்டே போய்விட்டார். அவரைத் தேடிப்பிடித்து ஓடிபி வாங்குவதற்குள், பத்திரிகைக்கு நாள் குறித்திருந்த குடும்பம் சென்டர் வாசலில் வந்து நின்றுவிட்டது. அந்த அக்கா அன்று பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

மற்ற சிக்கல்களையும் சொல்லிவிடுகிறேன். "ஸ்பீடு" என்ற பெயரில் விண்டோஸ் அப்டேட்டையும் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரையும் நிறுத்திவிடும் ஸ்கிரிப்ட்கள் இருக்கின்றன. சோதனை ஆன்டிவைரஸை முறையாக நீக்கினால் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பேற்கும். அதையும் முடக்கினால் நோயாளிகளின் விவரம் இருக்கும் கிளினிக் கணினிக்குக் காவலே இல்லை. லெனோவாவின் வான்டேஜ், ஆசுஸின் மைஆசுஸ் போன்ற, லேப்டாப் நிறுவனங்களின் சொந்த ஆப்களையும் குப்பை என்று தூக்கிவிடுகிறார்கள். முழுசாக ஏறாமல் பேட்டரி சார்ஜை 80 சதவீத அளவில் நிறுத்தும் வசதி அவற்றில்தான் இருக்கிறது. நாள் முழுக்க சார்ஜரிலேயே கிடக்கும் ஆபீஸ் லேப்டாப்புக்கு அது ரொம்ப முக்கியம். சில மாடல்களின் விலையில் வேர்டும் எக்செலும் சேர்ந்தே வருகின்றன. சோதனைப் பதிப்பு என்று நினைத்து அதை நீக்கிவிட்டு திருட்டுப் பதிப்பான கிராக் போட்டுத் தரும்போது, வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய உரிமம் பயன்படாமல் கிடக்கிறது.

நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியமில்லை. ஸ்கிரிப்டை பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள், நோட்பேடில் திறந்து ஒவ்வொரு வரியையும் ஒரு தடவையாவது படித்துவிடுங்கள். புரியாத வரியை எடுத்துவிடுங்கள். நீக்கும் பட்டியலை வாடிக்கையாளரிடம் காட்டி, "இதில் எதையாவது பயன்படுத்துகிறீர்களா?" என்று கேளுங்கள். ஒன்டிரைவில் கை வைக்கும்முன் பேக்கப்பை நிறுத்தி, கோப்புகள் கணினியிலேயே இருக்கின்றனவா என்று பாருங்கள். விண்டோஸின் அமைப்புகளைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட் எடுப்பது நல்லதுதான், ஆனால் அது சொந்தக் கோப்புகளை மீட்டுத் தராது. முடிந்ததும் என்ன நீக்கினீர்கள் என்று பில்லின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள். கணக்கு உருவாக்கினால் வாங்குபவரின் எண்ணிலேயே உருவாக்குங்கள், பாஸ்வேர்டை அவரே தட்டட்டும்.

முதலாளிகளிடம் இன்னொன்று. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் 2024 முதல் விண்டோஸிலிருந்து எட்ஜ் உலாவியைக்கூட முறைப்படி நீக்க முடிகிறது. அங்கே சட்டம் வந்தது, நிறுவனம் வழிவிட்டது. இங்கேயும் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் முன்கூட்டியே ஆப்களைத் திணித்தது உள்ளிட்ட காரணங்களுக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் கூட்டங்களுக்குப் போகிறவர்கள் நீங்கள். சோதனைப் பதிப்புகள் இல்லாத லேப்டாப் வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேட்டால், தனி வாடிக்கையாளர் கேட்பதைவிட அதற்கு எடை அதிகம்.

நான் பயன்படுத்தும் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு வரிக்கு மேலும் அது என்ன செய்கிறது என்று தமிழில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது பென்டிரைவில் கொண்டுவருகிறேன். வேண்டியவர்கள் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர்,
திருவல்லிக்கேணி