தம்பிக்கு, டார்கெட் போட்டோ பார்த்தேன்

தம்பி,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பின டார்கெட் போட்டோவை அம்மாவிடமும் காட்டினேன். "என்னங்க இது, சல்லடை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மூணு வாரமாகப் போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய், போட்டோ மட்டும் வருகிறது. சரி, வேலை இருக்கும்.

ஓட்டையெல்லாம் மேலும் கீழுமாக ஒரே கோட்டில் நிற்கிறதே, கவனித்தாயா? அது மூச்சு. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரிகரை இழுக்கிறாய். மூச்சை வெளியே விட்டதும், அடுத்தது வருவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி தானாக வரும், அங்கே சுட வேண்டும். முடியவில்லையா, விரலை எடுத்துவிட்டு மறுபடி மூச்சு விடு, யாரும் விரட்டவில்லை. படுத்துச் சுடும்போது வலது காலைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டால் வயிறு தரையில் அழுந்தாது. ஸ்லிங், அதான் துப்பாக்கியைக் கையோடு பிடித்துவைக்கிற வார், புஜத்தில் தப்பான இடத்தில் இறுகினால் நாடி துடிப்பது துப்பாக்கி முனையில் தெரியும். இடது முழங்கையைப் பார்த்துக்கொள், அது நகர்ந்தால் எல்லாம் நகரும்.

நாங்கள் போலீஸ் பட்டாலியனில் சுட்டது 303 ரைஃபிள். தோள்பட்டை நீலம் பாரித்துப்போகும், உங்கம்மா ஒத்தடம் கொடுப்பாள். உன் பாயிண்ட் டூ டூ சின்னக் குண்டுத் துப்பாக்கி, அப்படி உதைக்காது. ஆனால் 50 மீட்டரில் பத்துப் பாயிண்ட் தருகிற அந்த நடு வட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டராமே, சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இருக்குமோ என்னவோ. அதில் 60 தடவை போட வேண்டும், அதிலும் நட்டநடுவில் பட்டால்தான் 10.9 பாயிண்ட், அறுபதும் அப்படிப் பட்டால் மொத்தம் 654. எங்கள் காலத்தில் குரூப்பிங், அதான் சுட்ட ஓட்டையெல்லாம் சேர்ந்து, உள்ளங்கைக்குள் அடங்கினாலே ஹவில்தார் முதுகில் தட்டிக்கொடுப்பார்.

துப்பாக்கி வாங்க அவசரப்படாதே. லைசென்ஸ் வேலை ஒருபக்கம் இருக்கட்டும், கொஞ்ச நாள் கிளப் துப்பாக்கியிலேயே சுடு. முதலில் வாங்க வேண்டியது ஜாக்கெட்டும் கையுறையும்தான், அது உன் உடம்பு அளவுக்கு இருக்க வேண்டும், இரவல் ஒத்துவராது. கடனுக்கு வாங்காதே.

டீக்கடையில் சொல்லிவிட்டேன், என் மகன் புனேயில் பாலேவாடி ரேஞ்சில் சுடுகிறான் என்று. ஜாய்தீப் கர்மாகர் 2012 லண்டனில் படுத்துச் சுட்டு நாலாவதாக வந்ததையும், உங்கள் பக்கத்துக் கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலே 2024 பாரீஸில் வெண்கலம் வாங்கியதையும் சொன்னேன். படுத்து மட்டும் சுடுகிற போட்டி 2016க்கு அப்புறம் ஒலிம்பிக்கில் இல்லை, மண்டியிட்டு, படுத்து, நின்று மூன்றும் சேர்ந்ததுதான் இருக்கிறது. முப்பத்துநாலு வயசில் ஆரம்பிக்கிறானா என்று ஒருத்தன் சிரித்தான். ஆரம்பித்தால் என்ன? ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க, லீவு போட்டுவிட்டு வியாழனும், ரேஞ்சிலேயே கிடப்பது எதற்கு என்று எனக்கும் புரியவில்லை.

சம்பந்தி திண்டுக்கல்லிலிருந்து போன் செய்தார். வெயிலைப் பற்றிப் பேசினார். நானும் வெயிலைப் பற்றியே பேசினேன். மருமக தை மாசத்திலிருந்து அங்கேதான் இருக்கிறது. சாப்பிடுகிறதா என்று கேட்டேன், "ம்" என்றார்.

அப்புறம், படுத்துக் குறிவைத்ததும் ஒரு தடவை கண்ணை மூடி, ரெண்டு மூச்சு விட்டுத் திற. குறி விலகியிருந்தால் கையால் தள்ளித் திருத்தாதே. தள்ளினால் சுடுகிற நேரத்தில் கை பழைய இடத்துக்கே போகும். இடுப்பை நகர்த்து. முழங்கை அதே இடத்தில் இருக்கட்டும். முழங்கையைச் சொல்லிவிட்டேன் அல்லவா?

தம்பி, உன் தங்கச்சி விஷயம் உனக்குத் தெரியும். அப்போது உனக்கு அஞ்சு வயசு. அது நம்மை விட்டுப் போன அந்த வாரமே நான் 96 தேர்தல் பந்தோபஸ்துக்குப் போனேன். மேலிடத்து உத்தரவு, மறுக்க முடியாது என்று உங்கம்மாவிடம் சொன்னேன். உத்தரவெல்லாம் இல்லை. என் பேர் லிஸ்டிலேயே இல்லை, நானே ரைட்டரிடம் போய்ச் சேர்க்கச் சொன்னேன். இருபத்தாறு நாள். ராத்திரி ஒரு பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார்ந்து, துடைத்த துப்பாக்கியையே துடைத்துக்கொண்டிருப்பேன். திரும்பி வந்தபோது தொட்டில் கட்டியிருந்த சேலையைத் துவைத்து மடித்து பீரோவில் வைத்திருந்தாள். ஏன் போனீர்கள் என்று கேட்கவில்லை. இன்றுவரைக்கும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடு, ஈயம் ஒட்டியிருக்கும்.

அம்மா மோர்மிளகாய் போட்டு ரெண்டு பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறாள். உன்னுடையதைக் கூரியரில் போட்டுவிடுகிறேன். இன்னொன்றை வெள்ளிக்கிழமை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி நானே திண்டுக்கல்லில் கொடுத்துவிட்டு வரலாம் என்றிருக்கிறேன். நீ வருவதாக இருந்தால் சொல், எடுத்துவைக்கிறேன்.

அப்பா