மலைத்தோட்டச் சிற்றாலயத் திருப்பணி: நிறைவு அறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு வாழ்த்துகள்.

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்துச் சிற்றாலயத்தின் திருப்பணி முடிந்துவிட்டது. கூரை ஒழுகவில்லை. தென்மேற்குப் பருவமழை ஒன்றை முழுவதுமாகப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறோம். அறிக்கை தாமதமானதற்கு அதுதான் காரணம்.

தொடக்கம் எல்லோருக்கும் தெரிந்திருக்காது. 2023இல், மலையக மக்களின் முன்னோர் தோட்ட வேலைக்கு இங்கே வந்து இருநூறு ஆண்டு ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. நம் வாலிபர் சிலரும் கடைசி நாட்களில் அதில் சேர்ந்து நடந்தார்கள். திரும்பி வந்த அடுத்த ஞாயிறு அவர்கள் கேட்டார்கள்: "நம்முடைய ஊழிய நிதி வங்கியில் ஏன் சும்மா கிடக்கிறது?"

அந்த நிதிக்கு முன்னோர் வைத்த பெயர் மலைவாழ் மக்கள் ஊழிய நிதி. அதனால் பொதுக்கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் இன்னொரு கேள்வி எழுப்பினார். மலைவாழ் மக்கள் என்றால் நீலகிரியின் தோடர், படகர் போன்றவர்கள் அல்லவா, தோட்டத் தொழிலாளர் இதற்குள் எப்படி வருவார்கள் என்றார். நியாயமான கேள்விதான். 1846இல் நீலகிரியின் கேத்தியில் ஊழியம் தொடங்கிய பாசல் மிஷன்காரர்கள், அந்த மலையிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களிடம் போனார்கள். முதலில் அவர்களுடைய பேச்சைக் கற்க வேண்டியிருந்தது. நம் மலையின் கதை வேறு. கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து, மன்னார்க் கரையில் இறக்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடக்க வைத்தார்கள். வழியில் விழுந்தவர்கள் ஏராளம். 1854இல் தோட்டத் துரைமார் சிலரின் முயற்சியில், சி.எம்.எஸ். என்னும் ஆங்கிலேய மிஷனெரிச் சங்கத்தின் துணையோடு தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. அதற்குத் திருநெல்வேலிப் பக்கமிருந்து உபதேசிமார் வந்தார்கள். பேச்சு ஒன்றுதான் என்பதால் அவர்கள் மொழி கற்க வேண்டியிருக்கவில்லை. தோட்டம் தோட்டமாக, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயம் லயமாக நடந்தார்கள். அந்த மிஷனின் பெயரைச் சொல்ல இன்று நமக்கு நாக்கூசுகிறது. துரைமார் பணம் அதில் இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாம் திருத்தப் போன சிற்றாலயம் அந்த உபதேசிமார் நடந்த நடையின் மிச்சம். கூட்டம் சம்மதித்தது.

முதல் பயணத்தில் எங்கள் கையில் ஒரு வரைபடம் இருந்தது: புதிய பீடம், தரைக்கு டைல், வாசலில் வளைவு. தோட்டத்துச் சபையார் தேநீர் கொடுத்துப் பொறுமையாகக் கேட்டார்கள். அப்புறம் ஒரு பெரியவர் எங்களைப் பின்சுவருக்குக் கூட்டிப்போனார். சுவரில் இடுப்பளவுக்கு ஈரம் ஏறியிருந்தது. "ஐயா, மேலே தேயிலை மலை. தண்ணி இந்தச் சுவருக்கு அடியிலதான் இறங்குது. மொதல்ல கான் வெட்டணும், பொறகு கூரை. பீடம் இருக்கிறதே போதும்" என்றார். வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் கான், அதாவது மழைநீர் வடிகால், வெட்டியவர் அவர். எங்களோடு வந்திருந்த பொறியியலாளர் சரிவை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். கொழும்பிலிருந்து நாங்கள் போட்ட திட்டப்படி செய்திருந்தால், உங்கள் காணிக்கை முதல் மழையிலேயே நனைந்து போயிருக்கும். இதைச் சபையார் கட்டாயம் அறிய வேண்டும்.

ஆகவே முதல் செலவு கானுக்கு. சுவரிலிருந்து தள்ளி, சரிவுக்குக் குறுக்கே வெட்டி, கல் அடுக்கி, தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்பினார்கள். போயா என்னும் பௌர்ணமி விடுமுறை நாட்களிலும், ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகும், கூலி வாங்காமல் சிரமதானமாகவே செய்தார்கள். நாள் சம்பளத்துக்குக் கொழுந்து எடுப்பவர்கள் ஓய்வு நாளைத் தந்தார்கள். அதற்கு எங்கள் கணக்குப் புத்தகத்தில் நிரல் இல்லை. மாரியம்மன் கோயில்காரர் பெரிய கிடாரங்களைத் தந்து, கூட நின்று சமைத்தார்கள்.

கூரைக்கு முன் ஆறு மாதம் வீணாயிற்று. தோட்டக் காணி அரசுடையது, 1992 முதல் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. பல தலைமுறை அங்கேயே வாழும் குடும்பங்களிலும் அநேகருக்குத் தம் லயத்து அறைக்கு உறுதிப் பத்திரம் கிடையாது. சிற்றாலயத்துக்கும் அப்படியே. ஒரு ஆணியை மாற்றவும் எழுத்தில் அனுமதி வேண்டும் என்றார்கள். கடிதம் மேசை மேசையாகப் போய் வந்தது. அந்த ஆறு மாதத்தில் நாங்கள் பட்ட எரிச்சலை அந்த மக்கள் வாழ்நாள் முழுவதும் படுகிறார்கள். காணி உரிமைக்காக அவர்கள் கேட்கும் குரலோடு நம் சபையும் எழுத்தில் சேர வேண்டும் என்பது குழுவின் கருத்து. அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவருவோம்.

கூரைத் தகடுகளையும் மழைநீர்ப் பீலிகளையும் கொழும்பு பழைய சோனகத் தெருவில் வாங்கினோம். கதவு, ஜன்னல் மொறட்டுவையில் செய்தது. முதலில் வந்த மரம் சரியாகக் காயாதது. மலைக் குளிரில் முறுக்கிக்கொண்டது. கடைக்காரரோடு பேசி மாற்றிக்கொண்டோம், ஆனால் லொறிக் கூலி இரண்டு தடவை போயிற்று. அது எங்கள் கவனக்குறைவு, மன்னியுங்கள். கூரை வேலையை மழைக்கு முன், மார்ச்சுக்குள் முடித்தோம். துருவேறிய பழைய தகரத்தில் நல்லதைப் பொறுக்கி விறகுக் கொட்டில் போட்டார்கள்.

டைலும் வளைவும் இல்லாததால் மிஞ்சிய பணத்தில் பக்கத்து அறையைத் திருத்தினோம். இதை அங்குள்ள தாய்மார் கேட்டார்கள். மாலையில் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் தரம் ஐந்துப் பிள்ளைகளும், சாதாரண தரப் பொதுப் பரீட்சை எழுதும் பெரிய பிள்ளைகளும் ஒரே விளக்கின் கீழ் இருக்கிறார்கள். கிறிஸ்தவப் பிள்ளை, சைவப் பிள்ளை என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நாமும் பார்க்கப் போவதில்லை.

நிறைவு ஆராதனையில் பிரசங்கம் சுருக்கமாகத்தான் இருந்தது. பாட்டுத்தான் நீண்டது. கூரை புதியது என்பதால் குரல் அப்படியே திரும்பி வந்தது, பிள்ளைகள் அதைக் கேட்பதற்காகவே இன்னும் சத்தமாகப் பாடினார்கள்.

செலவில் பாதிக்கு மேல் கூரைக்கும் மரத்துக்கும் போனது. கணக்காய்வு செய்த விபரத் தாள் ஆலய அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. பற்றுச்சீட்டுகளைப் பார்க்க விரும்புவோர் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பொருளாளரிடம் கேட்கலாம். மலசலகூடத்துக் குழி ஒன்று இன்னும் பாக்கி. மாலை வகுப்புக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க, மாதம் ஒரு சனிக்கிழமை மலைக்குப் போய்வரக்கூடிய இருவர் தேவை. பயணச் செலவை நிதியே ஏற்கும். பெயரைச் செயலாளரிடம் தாருங்கள்.

திருப்பணிக் குழு, கொழும்பு