நாங்கள் பயிற்சி விமானிகள் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க விமானிகளின் சம்பள உயர்வு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டெல்டா, அமெரிக்கன், யுனைடெட் விமானிகளுக்கு 2023இல் கிடைத்த ஒப்பந்தங்களைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி: "சிறு விமானங்களை ஓட்டும் பயிற்சிநிலை விமானிகள்கூட இப்போது போர்க்கொடி தூக்குகிறார்கள்." நான் உங்கள் இதழைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். இதுவரை ஒரு கடிதம் எழுதியதில்லை. இந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை.

நான் அந்தச் சிறு விமானத்தின் கேப்டன். 76 இருக்கை. பெரிய நிறுவனம் ஒன்றின் பெயரிலும் வண்ணத்திலும் பறக்கும் பிராந்திய நிறுவனத்தில் வேலை. பயணி கையில் இருக்கும் டிக்கெட்டில் பெரிய நிறுவனத்தின் பெயர். எங்கள் பெயரோ கதவுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில். ஒரு நாள் பியோரியாவில் இறங்கியபோது ஒரு பாட்டி காக்பிட் வாசலில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நன்றாக இறக்கினாய் தம்பி, நீயும் ஒரு நாள் பெரிய விமானம் ஓட்டுவாய்" என்று வாழ்த்தினார். அன்று என் தோளில் கேப்டனுக்குரிய நான்கு பட்டை இருந்தது; தலையில் பாதி நரைத்திருந்தது. அவர் அன்பாகச் சொன்னார், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் எதையும் விசாரித்து எழுதும் உங்கள் இதழும் அதையே சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நீங்கள் அறியாத விஷயம் இல்லை: 2013இலிருந்து எங்கள் துணை விமானிகளுக்கும் ஏடிபி சான்றிதழ், அதாவது விமானிகளுக்கான மிக உயர்ந்த உரிமம், கட்டாயம். பொதுவாக அதற்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். ராணுவத்திலிருந்தும் விமானக் கல்லூரிகளிலிருந்தும் வருபவர்களுக்குத்தான் அதில் சலுகை. போயிங் 777இன் வலது இருக்கையில், துணை விமானியாக இருப்பவருக்கும் அதே சான்றிதழ்தான். கேப்டன் ஆவதற்கு விமான நிறுவனத்தில் மேலும் 1,000 மணி நேரம் வேண்டும். அதே விதிகள், அதே சோதனைகள். சட்டம் பார்க்காத வித்தியாசத்தை உங்கள் கட்டுரை பார்க்கிறது.

அந்த விதி எப்படி வந்தது? 2009 பிப்ரவரி 12ஆம் தேதி நியூவார்க்கிலிருந்து பஃபலோ போன, கோல்கன் என்ற பிராந்திய நிறுவனத்தின் 3407ஆம் எண் விமானம் விழுந்தது. தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர் இறந்தார்கள். அவர்கள் டிக்கெட்டில் இருந்ததோ கான்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் பெயர். கேப்டன் செய்த தவறுதான் காரணம் என்று விசாரணை அறிக்கை சொன்னது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் சம்பளமும் தூக்கமும் அமெரிக்காவில் பெரிய பேச்சானது அந்த விசாரணையில்தான். துணை விமானி 24 வயதுப் பெண். வேலைக்கு வந்து சேர முந்தின இரவு சியாட்டிலிலிருந்து விமானம் மாறி மாறி வந்திருந்தார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அதே மாதத்தில் நானும் ஊழியர் அறையின் சாய்வு நாற்காலியில், ஷூவைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியவன். எட்டுப் பேர் அடுக்குக் கட்டிலில் படுக்கும் கிராஷ் பேட் அறைக்குக்கூட மாதா மாதம் பணம் கட்ட முடியவில்லை.

2007இல் நான் சேர்ந்தபோது மணிக்கு 22 டாலர். மணி என்றால் கடிகார மணி இல்லை, சார். கதவை மூடி, பார்க்கிங் பிரேக்கை விட்ட பிறகு ஓடும் மணி. ஒருமுறை சிகாகோவில் பனி விழுந்து மூன்றரை மணி நேரம் கேட்டிலேயே நின்றோம். குழந்தைகள் அழுதார்கள். நானும் கேப்டனும் மாறி மாறி வெளியே வந்து பயணிகளுக்குப் பதில் சொன்னோம். அந்த மூன்றரை மணி நேரத்துக்குச் சம்பளம் ஒரு காசு இல்லை. நான் சேர்ந்த அதே வருட டிசம்பரில் ஓய்வு வயதை 60இலிருந்து 65 ஆக்கினார்கள். மேலே யாரும் இறங்கவில்லை, கீழே யாரும் ஏறவில்லை. அப்புறம் பொருளாதார மந்தம். வலது இருக்கையிலேயே ஏழரை வருடம். 2015இல்தான் கேப்டன் ஆனேன்.

2020 வந்தது. பெரிய நிறுவனம் தன் பெயரில் பறக்க எங்களுக்குக் கொடுத்திருந்த ஒப்பந்தத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. எங்கள் நிறுவனம் மூடிவிட்டது. 13 வருடம் சேர்த்த சீனியாரிட்டி நம்பர் ஒரே நாளில் வெறும் எண் ஆனது. அடுத்த நிறுவனத்துக்கு அதைக் கொண்டுபோக முடியாது. வேறு வேலையில் அனுபவம் கூடவே வரும். எங்கள் வேலையில் அனுபவம் வரும், வரிசை வராது. எந்தத் தடம், எந்த நாள் விடுமுறை, எந்த ஊரில் வேலை, எப்போது கேப்டன், எல்லாமே அந்த நம்பர்தான். 2021இல் புது நிறுவனத்தில் பட்டியலின் கடைசிப் பெயராகச் சேர்ந்தேன், மறுபடி வலது இருக்கையில். பக்கத்தில் கேப்டனாக இருந்த பையனுக்கு 28 வயது. நல்ல பையன், என்னை "சார்" என்றுதான் கூப்பிடுவான். அந்த வருடமும் அடுத்த வருடமும் தீபாவளி, கிறிஸ்துமஸ் இரண்டுக்கும் நான் ரிசர்வில், அதாவது கூப்பிட்டால் வேலைக்குப் போகத் தயாராக, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மகள் இப்போது கல்லூரிக்குப் போய்விட்டாள்.

"பெரிய நிறுவனத்துக்குத் தானாகவே ஏறிவிடலாம்" என்றும் உங்கள் கட்டுரை சொல்கிறது. பிராந்திய விமானிகள் வரிசைப்படி பெரிய நிறுவனத்துக்கு மாறும் ஃப்ளோ என்ற ஏற்பாட்டைத்தான் சொல்கிறீர்கள். அது இருக்கிறது, எல்லா இடத்திலும் இல்லை. இருக்கும் இடத்திலும் மாதத்துக்கு இத்தனை பேர் என்று குழாயைத் திருகிக் கையில் வைத்திருப்பது நிறுவனம். என் முறை வந்தபோது கேப்டன்கள் பற்றாக்குறை என்று தேதியைத் தள்ளினார்கள். 2024இல் பெரிய நிறுவனங்கள் ஆளெடுப்பைக் குறைத்தன. என் தேதி இன்னும் வரவில்லை. 1997இல் அமெரிக்கனின் பிராந்திய நிறுவனமான அமெரிக்கன் ஈகிள் விமானிகளுக்கும் இப்படி ஒரு ஏற்பாடு கையெழுத்தானது. 2001 செப்டம்பருக்குப் பிறகு அது தலைகீழாக ஓடியது: மேலே வேலை இழந்தவர்கள் கீழே வந்து கேப்டன் இருக்கையில் உட்கார்ந்தார்கள், கீழே இருந்தவர்கள் இன்னும் கீழே போனார்கள். அந்த மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என் விமானத்தின் அளவைக்கூட நாங்கள் தீர்மானிப்பதில்லை. 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை என்ற வரம்பு பெரிய நிறுவன விமானிகளின் ஒப்பந்தத்தில், பிராந்திய நிறுவனங்கள் எதை ஓட்டலாம் என்று வரையறுக்கும் ஸ்கோப் விதியில் இருக்கிறது. அவர்கள் தங்கள் வேலையைக் காப்பாற்றப் போட்ட வேலி அது. அதில் நியாயம் உண்டு. நானும் அங்கே இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்பவனுக்குத் தன் ஒப்பந்தம் ஒன்றைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லை என்பதையாவது நினைத்துப் பார்த்திருக்கலாம்.

போர்க்கொடி என்கிறீர்கள். எங்கள் தகராறுகள் 1926ஆம் வருடத்து ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகின்றன என்பது உங்களுக்குத் தெரியும். 1936இல் அதை விமானங்களுக்கும் நீட்டினார்கள். இந்தச் சட்டத்தில் ஒப்பந்தம் முடிவதே இல்லை, "திருத்தத்துக்கு வரும்", அவ்வளவுதான். புதியது கையெழுத்தாகும்வரை பழைய சம்பளம். பேசி முடியவில்லை என்றால் மத்தியஸ்த வாரியம். இனிப் பேசிப் பயனில்லை என்று வாரியம் விடுவித்தால்தான் வேலைநிறுத்தத்தை நோக்கி நகரலாம், விடுவிக்க அதற்குக் கெடு கிடையாது. விடுவித்த பின்னும் 30 நாள் காத்திருப்பு, அதன் பிறகும் அமெரிக்க அதிபர் தலையிடலாம். நாங்கள் மூன்று வருடமாகப் பேசுகிறோம். கொடியைத் தூக்குவதற்கே அனுமதி வேண்டும், சார். சங்கக் கூட்டத்துக்கு விடுப்பு நாளில் சொந்தச் செலவில் போய், சீருடையோடு வாயைத் திறக்காமல் அட்டையைப் பிடித்து நின்றதுதான் நாங்கள் செய்த போர்.

2001இல் கோமேர் விமானிகள் 89 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களும் இந்தச் "சிறு விமான" ஆட்கள்தான். நான் சேர்ந்தபோது வாங்கிய 22 டாலருக்குப் பின்னாலும் அவர்கள் பட்டினி இருக்கிறது என்று எங்கள் சங்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள்.

2022இல் அமெரிக்கனின் துணை நிறுவனங்களில் தொடக்கச் சம்பளம் மணிக்கு 90 டாலர் ஆனதையும் எழுதியிருக்கிறீர்கள், இதற்குமேல் என்ன வேண்டும் என்ற தொனியில். ஆள் கிடைக்காமல், விமானங்களை நிறுத்திவைக்க வேண்டிய நிலை வந்த பிறகு வந்தது அது. அதிலும் ஒரு பகுதியைத் தற்காலிகம் என்றுதான் அறிவித்தார்கள். எங்களுக்கு வேண்டியது, கேட்டில் நிற்கும் நேரத்துக்கும் சம்பளம், மேலே போகும் தேதியை நிறுவனம் இஷ்டத்துக்குத் தள்ளாத ஒரு விதி, ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு போனால் ஆட்களையும் கூட்டிப் போக ஒரு வழி. இதில் பேராசை எங்கே இருக்கிறது?

நான் கேட்பது சின்ன விஷயம். அடுத்த இதழில் "பயிற்சிநிலை" என்ற சொல் தவறு என்று ஒரு வரி போடுங்கள். இடம் இருந்தால், "விமானிகள்கூட" என்பதில் உள்ள அந்தக் "கூட"வையும் எடுத்துவிடுங்கள்.

பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருப்பதால் என் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பிராந்திய விமான கேப்டன் ஒருவர்,
சிகாகோ