ஜம்போவில் அப்பா: ஹாங்காங் உறவுகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அக்காக்கள், அண்ணன்கள், நண்பர்கள் அனைவருக்கும்,

வணக்கம். ஜம்போ மிதக்கும் உணவகத்தில் எடுத்த அப்பாவின் அந்தப் படம் கிடைத்துவிட்டது. பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், மீதிப் பேருக்கு இந்த மடலில் சொல்கிறேன். நான்கு மாதமாகப் பரணிலும் பெட்டியிலும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலும் எனக்காகத் தேடிய ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட ஆசைதான். இரண்டு பேரிடம் பேசிப் பார்த்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால் எழுதுகிறேன்.

எதற்காகத் தேடுகிறோம் என்று முழுதாகத் தெரியாமலேயே பலர் தேடினீர்கள். "ஜம்போவில் எடுத்த பழைய படம் இருக்கிறதா, சிம்மாசனத்தில் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் தெரிகிறாரா, கொஞ்சம் பாருங்கள்" என்று மட்டும்தான் கேட்டிருந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

2001 ஜனவரியில் அப்பாவும் அம்மாவும் கும்பகோணத்திலிருந்து ஹாங்காங் வந்தார்கள். தபால் ஆபீசில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவர் அப்பா. உலகத்து ஊர் பேரெல்லாம் முத்திரையில் படித்தவர், விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை. வந்த மூன்றாம் நாள் ஷா டின் பகுதியில் இருந்த அக்கா குடும்பத்தோடு சேர்ந்து ஓஷன் பார்க் போனோம். ஆன் ஆன், ஜியா ஜியா என்ற இரண்டு பாண்டாக்களும் அங்கே வந்து இரண்டு வருடம்கூட ஆகாத சமயம், பார்க்க அவ்வளவு கூட்டம். அப்பாவுக்கோ கேபிள் காரில்தான் கண். மலை விளிம்பில் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் போகிறது, கீழே டீப் வாட்டர் பே கடல். அம்மா கண்ணைத் திறக்காமல் "முருகா, முருகா" என்றபடி வந்தார். திரும்பும்போதும் இதில்தான் வருவேன் என்று அப்பா பிடிவாதம் பிடித்தார்.

பொழுது சாய்ந்ததும் டாக்ஸி பிடித்து அபர்டீன் வந்தோம். பூங்காவிலிருந்து சில நிமிடத் தூரம்தான். துறையில் ஜம்போவின் இலவசப் படகு நின்றது. நன்றாக இருட்டிவிட்டது. மீன்பிடிப் படகுகளுக்கு நடுவே அது திடீரென்று தெரிந்தது: சிவப்பும் பச்சையும் பொன்னுமாக, அடுக்கடுக்கான கூரை, தூணெல்லாம் டிராகன், 76 மீட்டர் நீளத்துக்கும் விளக்கு. அப்பா எழுந்து நின்றுவிட்டார். "நம்ம கும்பேஸ்வரன் கோபுரத்துக்குப் புதுசா வர்ணம் அடிச்சு, தண்ணியில மிதக்க விட்ட மாதிரி இருக்கு" என்றார். படகோட்டி உட்காரச் சொல்லி இரண்டு தடவை சைகை காட்ட வேண்டியிருந்தது.

ஜம்போவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலை எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம். அது ஓடுகிற கப்பல் இல்லை. சீன அரண்மனை போலக் கட்டி, துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிறுத்திய உணவகம். படகிலேயே வாழ்ந்த மீனவ மக்களின் கல்யாண விருந்துகள் படகில்தான் நடக்கும், அபர்டீனின் மிதக்கும் உணவகங்கள் அந்த வழக்கத்திலிருந்து வளர்ந்தவை. ஜம்போ முதலில் திறக்கப்படும் முன்பே, 1971 அக்டோபரில், தீப்பிடித்து 34 பேர் உயிரிழந்தார்கள். அப்புறம் மக்காவ் சூதாட்டத் தொழிலதிபர் ஸ்டான்லி ஹோ கைக்கு வந்து, மறுபடி கட்டி, 1976 அக்டோபரில் திறந்தார்கள். அடுத்த ஜனவரியில் பக்கத்திலேயே ஓஷன் பார்க் திறந்தது. ஒரே நாளில் இரண்டையும் பார்ப்பது என்பது எங்களைப் போல ஊரிலிருந்து ஆள் வரவழைத்தவர்களுக்கு வழக்கமாகவே ஆகிவிட்டது. இரண்டாயிரத்து முந்நூறு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பார்கள். எலிசபெத் மகாராணி வந்து போன இடம். எங்கள் அப்பாவும் வந்து போனார்.

கடல் உணவுக்குப் பேர்போன இடத்துக்குச் சுத்த சைவக்காரரை அழைத்துப் போகிறோமே என்று எனக்கு உள்ளூரப் பயம். தொட்டியில் உயிரோடு நீந்துகிற மீனைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அப்பா அந்தத் தொட்டிகளைக் கடந்து வரும்போது ஒன்றும் பேசவில்லை. நடுத்தர வயதுப் பரிமாறுபவர் ஒருவர் எங்கள் மேசைக்கு வந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைக் கான்டனீஸில் "ஜாய்" என்றேன். சைவத்துக்கு அங்கே அதுதான் சொல். அவர் அப்பாவின் நெற்றியில் இருந்த திருநீற்றைப் பார்த்தார், தலையசைத்தார், உள்ளே போனார். லோ ஹான் ஜாய் வந்தது. காளான், தோஃபு, கண்ணாடி மாதிரி சேமியா எல்லாம் போட்டு, புத்தத் துறவிகளின் பெயரால் சமைக்கிற உணவு அது. கூடவே அவர் ஒரு காரியம் செய்தார். ஹாங்காங்கில் கீரைக்கும் காய்க்கும் சிப்பிச் சாறு ஊற்றிவிடுவார்கள், நமக்குத் தெரியாது. அவர் அந்தச் சாற்றுப் பாட்டிலையே கொண்டுவந்து காட்டி, "இல்லை, இல்லை" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். நான் கேட்காமலே. அப்பா தட்டைத் துடைத்துச் சாப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் அதே மனிதர்தான் அப்பாவைச் சிம்மாசனத்துக்கு அழைத்துப் போனார். பொன் நிறத்தில், டிராகன் செதுக்கிய பெரிய இருக்கை. அரசர் அங்கியும் தொப்பியும் தருவார்கள், போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளலாம். "இதெல்லாம் நமக்கு எதுக்குப்பா" என்று அப்பா நகர்ந்தார். பரிமாறுபவர் விடவில்லை. தொப்பியைத் தானே வைத்துவிட்டு, ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினார். அப்பா சிரித்தார். பல் தெரிய அவர் சிரித்த படம் வேறு எங்கும் கிடையாது. கேமரா முன்னால் நின்றால் பாஸ்போர்ட் முகம் வந்துவிடும்.

அந்தப் படம் கூடத்துச் சுவரில் பதிமூன்று வருடம் இருந்தது. 2014-ல் அப்பா போனார். அம்மாவைச் சென்னைக்கு அழைத்து வந்து முடிச்சூரில் குடிவைத்தோம், கீழ்த்தளத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. அம்மாவைப் படகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஆல்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. நெகட்டிவ் இருந்த பிஸ்கட் டின்னும் போனது.

2020 மார்ச்சில் ஜம்போ மூடியபோது நான் ஹாங்காங்கை விட்டு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஓஷன் பார்க் அதை எடுத்து நடத்தப்போகிறது என்று அறிவிப்பு வந்ததும் எவ்வளவு மகிழ்ந்தேன் தெரியுமா? அதைவிடப் பொருத்தம் ஏது? நடத்த ஆள் கிடைக்காமல் அது நின்றுபோனது. 2022 ஜூன் முதல் தேதி, பக்கத்திலேயே தனியாக நின்ற சமையல் படகு சாய்ந்தது. 14-ம் தேதி இழுவைப் படகுகள் வந்து ஜம்போவை இழுத்துக்கொண்டு போயின.

நார்த் பாயிண்ட் அண்ணா, அன்று நீங்கள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அபர்டீன் கரையில் போய் நின்றீர்கள். நான் கேட்கக்கூட இல்லை. வீடியோ காலில் கூப்பிட்டு, ஒரு வார்த்தை பேசாமல், அது ஆப் லேய் சாவ் பக்கம் திரும்பி மறையும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். கை வலித்திருக்கும். 2013-ல் அதன் மேல்தளத்தில், டாப் டெக் மதுக்கூடத்தில், எனக்குப் பதவி உயர்வு வந்ததற்கு நீங்கள் எல்லாரும் சேர்ந்து விருந்து வைத்தீர்களே, அந்தக் கைப்பிடிச் சுவர்கூட எனக்குத் திரையில் தெரிந்தது. அந்த அழைப்புக்காக உங்களுக்கு ஆயுளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஐந்து நாளில், தென்சீனக் கடலில் பாரசெல் தீவுகளுக்கு அருகே அது கவிழ்ந்துவிட்டது என்று செய்தி வந்தது. அங்கே ஆழம் ஆயிரம் மீட்டருக்கு மேல். மூழ்கியதா, கவிழ்ந்ததா என்று பிறகு வாதம் வேறு. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அது பெரிய ஆறுதல். அம்மா டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்பா ராஜா வேஷத்துல உட்கார்ந்தாரே, அந்தக் கப்பலா?" ஆமாம் என்றேன். "அந்தப் படம் யார்கிட்டயாவது இருக்காதா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று இரவுதான் உங்கள் எல்லாருக்கும் செய்தி அனுப்பினேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். எத்தனை படங்கள்! வான்சாய் தம்பி, உன் கல்யாணமான புதிதில் எடுத்ததை அனுப்பினாய். சிம் ஷா சுய் பாய், நீங்கள் மறைந்த உங்கள் அண்ணனின் ஆல்பத்தை முதல் தடவையாகத் திறந்தீர்கள் என்று பின்னால்தான் கேள்விப்பட்டேன். அதற்கு நன்றி என்ற சொல் போதாது. நடுவில் ஜூலை 21 அன்று ஆன் ஆன் பாண்டாவும் 35 வயதில் இறந்தது. அன்றைக்கு ஆறு பேர் அதன் பழைய படங்களை அனுப்பினீர்கள். நாம் எல்லாரும் ஒரே காலத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் போலும்.

ஷா டின் அக்கா, கடைசியில் உங்கள் மகள்தான் கண்டுபிடித்தாள். அன்று அவளுக்கு ஐந்து வயது. படத்தில் அவள்தான் முன்னால் நிற்கிறாள், கையில் பாண்டா பொம்மை. அவள் தோளுக்குப் பின்னால், சிம்மாசனத்தில், அப்பா. அங்கியின் இடது கை படத்துக்கு வெளியே போய்விட்டது. ஃபிளாஷ் பட்டு ஒரு கண்ணாடிச் சில்லு வெள்ளையாக மின்னுகிறது. ஆனால் சிரிப்பு முழுசாக இருக்கிறது. தொப்பியைச் சரிசெய்கிற கை ஒன்றும் ஓரத்தில் தெரிகிறது, வெள்ளைச் சட்டைக் கை.

அந்தக் கைக்குச் சொந்தக்காரரையும் நீங்கள் தேடிப் பார்த்தீர்கள். அவர்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அங்கே பல வருடம் பரிமாறி ஓய்வுபெற்ற ஒருவரை வான்சாய் தம்பி போய்ப் பார்த்து, படத்தைக் காட்டியிருக்கிறான். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அந்தத் தொப்பி எப்போதும் இடப்பக்கம் சரியும், நாங்கள்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்" என்றாராம். ஹாங்காங்கில் ஒருவர் செய்த உதவிக்கு "ம்கோய்" என்பார்கள், கொடுத்த பொருளுக்கு "தோ ஜே" என்பார்கள். ஐயா, உங்களுக்கு நான் இரண்டையும் சொல்ல வேண்டும். தம்பி மொழிபெயர்த்துச் சொல்வான்.

படத்தைச் சுத்தம் செய்து பெரிதாக்கித் தந்த கும்பகோணத்து ஸ்டூடியோக்காரர் கண்ணாடியின் வெள்ளைப் புள்ளியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். அம்மா வேண்டாம் என்றுவிட்டார். பிள்ளையையும் வெட்டக் கூடாது, அவளும் இருக்கட்டும் என்றார். அப்படியே சட்டம் போட்டு, இந்தத் தடவை மாடியில் மாட்டியிருக்கிறோம்.

நீங்கள் அனுப்பிய எல்லாப் படங்களையும் வருட வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். யாருக்கு எது வேண்டுமானாலும் கேளுங்கள், அனுப்புகிறேன். அக்கா, அடுத்த வாரம் வருகிற நம் நண்பரிடம் அம்மா தன் கையால் சுட்ட தேன்குழல் இரண்டு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறார். ஒன்று உங்களுக்கு, ஒன்று மகளுக்கு. உடையாமல் வந்து சேர்ந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள், அம்மா கேட்டுக்கொண்டே இருப்பார்.

அன்புடன்,
முடிச்சூரிலிருந்து உங்கள் பழைய அக்கம்பக்கத்து வீட்டுக்காரன்
அக்டோபர் 2022