மெம்பரேனுக்கு முன்னால் சல்லடையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிவிட்டன. கோடை வந்தால் டேங்கர் லாரிக்குக் கொடுத்து மாளவில்லை. கழிவுநீரை மெம்பரேன் என்ற நுண்துளை வடிகட்டி வைத்துச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தலாம் என்ற பேச்சு அசோசியேஷன் கூட்டங்களில் அடிபடுவது நல்ல விஷயம். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்கள் 2019 முதல், ஒவ்வொன்றும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் கொள்ளளவில், இப்படிச் சுத்தம் செய்த தண்ணீரைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகின்றன. நுட்பத்தில் குறையில்லை. வாங்குபவர்கள் எதைக் கேட்க வேண்டுமோ அதைக் கேட்பதில்லை. அதற்காகவே இந்தக் கடிதம்.

குடியிருப்புகளில் பெரும்பாலும் போடுவது நூலிழை மெம்பரேன். சேமியா தடிமனில், உள்ளே துளையுள்ள இழைகள் கொத்துக் கொத்தாகக் காற்றூட்டும் தொட்டியில் தொங்கும். இழைச் சுவரின் துளை சுமார் 0.04 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் 25 ஆயிரத்தில் ஒரு பங்கு. பாக்டீரியா நுழையாது. இவ்வளவு நுண்ணிய பொருளைக் கெடுப்பது தலைமுடி. நுழைவில் 6 மி.மீ. இடைவெளிக் கம்பிச் சல்லடையோடு நிறுத்திவிடுகிறார்கள். 2 மி.மீ.க்கு மேற்படாத வட்டத் துளைச் சல்லடை கட்டாயம் வேண்டும். கோடு கோடாக இடைவெளி விட்டது 1 மி.மீ.யாக இருந்தாலும் முடி நீளவாக்கில் நழுவிவிடும். உள்ளே போன முடியும் ஈரத் துடைப்புத்தாளின் நாரும் தொட்டிக்குக் காற்றூதும் புளோயரின் வேகத்தில் சுழன்று, இழைகளின் மேல்முனையில் சடை பின்னியதுபோல் சுற்றிக்கொள்ளும். சடைக்குள், கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் நிறைந்த சேறு இறுகிய பிறகு எந்த மருந்தும் இறங்காது. கையால் அவிழ்த்தால் இழை அறும். அறுந்த இழை வழியே சேறு நேராக நல்ல தண்ணீரில் கலக்கும். வெளிவரும் தண்ணீரின் கலங்கல் 1 என்.டி.யூ.வை (கலங்கலை அளக்கும் அலகு) தாண்டினால் முதலில் இங்கே பாருங்கள்.

அடுத்தது பரப்பு. விலை குறைத்துச் சொல்பவர் இதில்தான் கை வைப்பார். 200 வீடு, வீட்டுக்கு நான்கு பேர், தலைக்கு நாளுக்கு 135 லிட்டர் என்றால் அதில் கழிவுநீராக ஏறக்குறைய 90 ஆயிரம் லிட்டர் வரும். நிலையம் 20 மணி நேரம் ஓடும். 9 நிமிடம் உறிஞ்சி 1 நிமிடம் ஓய்வு விடுவதால் உண்மையில் உறிஞ்சும் நேரம் 18 மணி, மணிக்கு 5,000 லிட்டர். ஒரு சதுர மீட்டர் மெம்பரேன் மணிக்கு 15 லிட்டர் தருவதாகக் கணக்கிட்டால் 333 சதுர மீட்டர் தேவை. 150 சதுர மீட்டரை மாட்டிவிட்டு அதே அளவை உறிஞ்சினால் சதுர மீட்டருக்கு 33 லிட்டர் ஆகிறது. புதிதில் ஓடும், சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். விலைப்புள்ளியில் ‘நாளுக்கு இத்தனை லிட்டர்’ என்று மட்டும் இருந்தால், எத்தனை சதுர மீட்டர் என்று எழுதி வாங்குங்கள்.

கெலவரப்பள்ளி அணையின் நுரையைப் பார்த்துப் பழகிய நமக்குத் தொட்டியில் நுரை பொங்கினால் பதற்றம் வரும். ஆனால் நிலையம் தொடங்கிய முதல் சில வாரங்களில் நுரை வருவது இயல்பு. சேற்றின் அடர்த்தி லிட்டருக்கு 8,000 மில்லிகிராமைத் தொடும்போது தானாக அடங்கும். அதுவரை தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் போதும். கடையில் கிடைக்கும் சிலிக்கான் கலந்த நுரைக்கொல்லியை மட்டும் ஊற்றவே கூடாது. அது இழை மேல் படலமாக ஒட்டிக்கொண்டால் கழுவி எடுப்பது பெரும்பாடு. அடர்த்தி 12,000-க்கு மேல் ஏறவும் விடக் கூடாது. 50 மி.லி. சேற்று நீரை வடிதாளில் ஊற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் 10 மி.லி.க்கு மேல் வடிந்தால் நல்ல நிலை, 5-க்குக் கீழே என்றால் மோசம்.

உறிஞ்சு அழுத்தம் 0.3 பாரை நெருங்கும்வரை காத்திருக்காமல் வாரம் ஒருமுறை 500 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 500 பங்கு) ஹைப்போவில், அதாவது குளோரின் திரவமான சோடியம் ஹைப்போகுளோரைட்டில், கழுவ வேண்டும். 10 சதவீத ஹைப்போ என்றால் 1,000 லிட்டருக்கு 5 லிட்டர். வெயிலில் கிடந்த கேன் வீரியம் இழந்திருக்கும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் கடினமானது என்பதால் சுண்ணாம்புப் படிவும் சேரும். அதற்கு 1 சதவீத சிட்ரிக் அமிலம். ஹைப்போவுக்கும் அமிலத்துக்கும் நடுவில் தண்ணீர் விட்டு நன்றாக அலசியே ஆக வேண்டும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய அறையில் ஆள் உயிருக்கே ஆபத்து. இதை ஆபரேட்டர் அறைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கு ஒரு வார்த்தை. சீசன் முடிந்து ஆலையை மூடும்போது தொட்டியை வடித்துவிட்டு மெம்பரேனைக் காயவிட்டால் துளைகள் சுருங்கிவிடும், அடுத்த சீசனுக்கு உதவாது. தண்ணீரில் மூழ்கியே இருக்க வேண்டும். உப்பையும் பிரிக்கும் ஆர்.ஓ. மெம்பரேன் என்றால் 1 சதவீத சோடியம் பைசல்பைட் கரைசலில்.

மார்கழிக் குளிரில் ஆர்.ஓ. தண்ணீர் குறைந்தாலும் கலங்க வேண்டாம். ஒரு டிகிரி வெப்பம் இறங்கினால் வரத்து சுமார் 3 சதவீதம் இறங்கும். அடைப்பு என்று நினைத்து வீணாக மருந்து போட்டுக் கழுவினால் மெம்பரேனின் ஆயுள்தான் குறையும்.

கடைசியாக ஒன்று. எங்களுக்கு இதில்தான் கவலை அதிகம். கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் ஆர்.ஓ. தேவையே இல்லை, நூலிழை மெம்பரேனில் வடித்துக் குளோரின் கலந்த தண்ணீரே போதும். கொதிகலனுக்கும் குளிர்கோபுரத்துக்கும்தான் உப்பு நீக்கிய தண்ணீர் வேண்டியிருக்கும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் புளோரைடு இருப்பதால்தான் நமக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. நூலிழை மெம்பரேன் புளோரைடைப் பிடிக்காது. ஆர்.ஓ. பிடிக்கும், ஆனால் அழிக்காது. 40 ஆயிரம் லிட்டர் உள்ளே விட்டால் 30 ஆயிரம் நல்ல தண்ணீர், 10 ஆயிரம் ரிஜெக்ட், அதாவது உப்பெல்லாம் சேர்ந்த கழிவு நீர். லிட்டருக்கு 2 மில்லிகிராமாக இருந்த புளோரைடு அந்த ரிஜெக்டில் 8 ஆகிவிடும். அதைக் கழிப்பறைக்கு விட்டால் சுற்றி அதே நிலையத்துக்கு வந்து உப்பு ஏறிக்கொண்டே போகும். ஏரியிலோ உறிஞ்சுகுழியிலோ விட்டால் பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் இறங்கும். வெயிலில் காயவைக்கலாம் என்றால், நாளுக்கு நாலரை மி.மீ. ஆவியாகும் கணக்கில் 10 ஆயிரம் லிட்டருக்கு 2,200 சதுர மீட்டர், அரை ஏக்கருக்கு மேல், அடியில் கசியாத விரிப்புப் போட்ட பாத்தி வேண்டும். மழை மாதங்களுக்கு இன்னும் கூடுதலாக. கட்டட வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டாமல் ஆர்.ஓ. போடுகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையப் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.