டோக்கன் கொடுப்பதற்கு முன்: வீடு வாங்கப்போகும் தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு பிளாட் பிடித்துப்போய்விட்டது, 80 லட்சம் சொல்கிறார்கள், வெள்ளிக்கிழமை டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கப்போகிறோம் என்று போனில் சொன்னாய். ரொம்ப சந்தோஷம். சுவரில் ஆணி அடிக்கக்கூட ஓனரிடம் கேட்க வேண்டிய வாழ்க்கை போதும் என்று நீ நினைப்பது நியாயம்தான். ஆனால் நீ சொன்ன கணக்குதான் என்னைத் தூங்கவிடவில்லை. "பேங்கில் 60 கிடைக்கும்க்கா, என் கையில் 20 இருக்கு, சரியாப் போச்சு" என்றாய். சரியாகப் போகாதுடா. கிட்டத்தட்ட பத்து லட்சம் இடிக்கும். அதைப் போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும் என்றுதான் எழுதுகிறேன். பெங்களூரில் வேலைக்கு வந்து வீடு வாங்க நினைக்கும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

முதலில் பேங்க். கடன் தொகை 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால், வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தப்படி உனக்கு 64 லட்சம் வரை இடம் இருக்கிறது. ஆனால் "மதிப்பு" என்பது நீயும் விற்பவரும் பேசி முடித்த விலை மட்டும் இல்லை. பேங்க் அனுப்பும் ஆள் வந்து பார்த்து 74 லட்சம்தான் பெறும் என்று எழுதிவிட்டால், கணக்கு 74இல் இருந்துதான் தொடங்கும். குறைகிற தொகை உன் தலையில். முத்திரைத்தாள், பதிவுச் செலவு எதையும் அந்த மதிப்பில் சேர்க்க மாட்டார்கள்.

அந்தப் பதிவுச் செலவுதான் நீ மறந்தது. கர்நாடகாவில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட சொத்துக்கு முத்திரைக் கட்டணம் 5%, அதன் மேல் செஸ், சர்சார்ஜ் சேர்ந்து 5.6% ஆகிறது. பதிவுக் கட்டணம் 1% ஆக இருந்தது, 2025 ஆகஸ்ட் 31 முதல் 2% ஆக்கிவிட்டார்கள். ஆக மொத்தம் 7.6%. உன் 80 லட்சத்துக்கு 6 லட்சத்து 8 ஆயிரம் ரூபாய். அரசின் வழிகாட்டி மதிப்பு நீ பேசிய விலையைவிட அதிகமாக இருந்தால் அதற்குத்தான் கட்ட வேண்டும். புரோக்கருக்கு 1% என்றாலும் 80 ஆயிரம். வக்கீல், பேங்கின் பிராசஸிங் கட்டணம், கடனுக்காகப் பத்திரத்தை பேங்கில் ஒப்படைப்பதற்கான முத்திரைச் செலவு, அசோசியேஷனில் பெயர் மாற்றக் கட்டணம், இதெல்லாம் சேர்ந்தால் இன்னும் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள். வீட்டுக்குள் ஒரு திரைச்சீலைகூட மாட்டாத நிலையில் உன் கையிலிருந்து போக வேண்டியது 28 லட்சம்.

அப்புறம் இடைப்பட்ட மாதங்கள். கடன் பணம் விற்பவர் கைக்குப் போன அடுத்த மாதமே இஎம்ஐ தொடங்கிவிடும். 60 லட்சத்துக்கு 8.5% வட்டி, 20 வருடம் என்றால் மாதம் சுமார் 52 ஆயிரம். கொசுவலை, கிரில், சமையலறை வேலை முடியும்வரை பழைய வீட்டு வாடகையும் ஓடும். இரண்டு மாதம் இரண்டையும் தாங்க வேண்டியிருக்கும் என்று இப்போதே எழுதி வை.

இப்போது இருக்கும் வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ் திரும்பி வருமே என்று சொல்வாய். அதைப் பதிவு நாளுக்கான பணமாக எண்ணவே கூடாது. பெங்களூர் ஓனர்களில் பெரும்பாலோர் அடுத்து வருகிறவர் கொடுக்கும் அட்வான்ஸை வாங்கித்தான் உனக்குத் திருப்பித் தருவார்கள். நீ காலி செய்து சாவி கொடுத்த பிறகுதான் அடுத்த ஆள் வருவார். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதும் இங்கே வழக்கம். அதனால் அந்தப் பணத்தைக் குடிபோன பிறகு செய்யும் வேலைகளுக்கு, அதாவது அலமாரி, இன்வெர்ட்டர் மாதிரி காரியங்களுக்கு என்று ஒதுக்கிவிடு. ஒப்பந்தத்தை எடுத்து, எத்தனை மாத நோட்டீஸ் என்று பார்த்து, வாட்ஸப்பிலாவது எழுத்தில் தெரிவி. வாயால் சொன்னது கணக்கில் வராது.

இதற்கெல்லாம் மேலே, ஆறு மாத இஎம்ஐ அளவுக்காவது, அதாவது மூன்று லட்சம், தொடாமல் இருக்க வேண்டும். உன் வேலை ஐடி வேலை. ஒரு வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் என்ன சொல்வார்கள் என்று யாருக்கும் தெரியாது. இந்த மூன்று லட்சத்தை விட்டுக்கொடுத்து வீடு வாங்குவதற்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

இடிக்கும் பணத்துக்குப் பர்சனல் லோன் எடுக்காதே. இரண்டு இஎம்ஐயும் சேர்ந்து உன் சம்பளத்தில் பாதியை விழுங்கிவிடும், வீட்டுக் கடன் தொகையையே பேங்க் குறைத்துவிடும். உன் அம்மா, என் சித்தி, நகையைத் தருகிறேன் என்றதாகச் சொன்னாய். அது அவள் மனசு. அவளிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்பதையும் நினைத்துப் பார். உன் அப்பா, என் சித்தப்பா, ஊரில் இருக்கும் மனையை விற்றுத் தருவதாக இருந்தால் அது வேறு. அப்பா அம்மா கொடுக்கும் பணத்துக்கு உனக்கு வரி கிடையாது. பேங்க் வழியாகவே அனுப்பச் சொல், அன்பளிப்பு என்று ஒரு கடிதம் எழுதி வாங்கி வை. ஆனால் அந்த மனையில் உன் தங்கைக்கும் பங்கு உண்டு. அவளிடம் இப்போதே உட்கார்ந்து பேசு. வீடு குடிபோன பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும். ஒரு வருடம் பொறுத்து வாங்கினாலும் சரி, 65 லட்சத்தில் இரண்டு கிலோமீட்டர் தள்ளி வாங்கினாலும் சரி, எனக்கு அது சின்ன விஷயம்.

விற்பவர் "கொஞ்சம் கேஷாகக் கொடுங்க" என்று கேட்டால் தயங்காமல் மறுத்துவிடு. சொத்து விஷயத்தில் 20 ஆயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டப்படி அனுமதி இல்லை. நீ ரொக்கமாகக் கொடுத்த தொகை பத்திரத்திலும் வராது, நாளைக்கு நீ விற்கும்போது கணக்கிலும் வராது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்பதால் 1% டிடிஎஸ், அதாவது விற்பவர் பேரிலான வருமான வரியை, பிடித்து நீதான் கட்ட வேண்டும். உன் கணக்கில் அது 80 ஆயிரம், விற்பவருக்குக் கொடுப்பதிலிருந்தே கழித்துக்கொள்ளலாம். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் பிடிக்க வேண்டிய தொகை மிக அதிகம், ஆடிட்டரைப் பார்க்காமல் ஒரு ரூபாயும் கொடுக்காதே. புது வரி முறையில் இருந்தால், நீ குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை கிடையாது. "டேக்ஸ் மிச்சமாகும்" என்று புரோக்கர் சொல்வதை நம்பிக் கணக்குப் போடாதே.

இனி காகிதங்கள். இவற்றைப் பார்த்து முடிக்கும்வரை அந்த வீட்டின் மேல் மனசை வைக்காதே என்று சொன்னால் கேட்பாயா தெரியாது, இருந்தாலும் சொல்கிறேன். தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை உள்ள எல்லாப் பத்திரங்களின் நகல், 30 வருட ஈ.சி. (வில்லங்கச் சான்று), வரி கட்டிய ரசீது, இ-கத்தா (சொத்து யார் பெயரில் என்று மாநகராட்சி வைத்திருக்கும் பதிவு, இணைய வடிவில்), கட்டடத்தின் ஓ.சி. (குடியேற்றச் சான்று). இந்த ஐந்தும் கைக்கு வர வேண்டும். 2004க்குப் பிந்தைய ஈ.சி.யை கர்நாடகப் பதிவுத் துறையின் காவேரி இணையதளத்தில் நீயே எடுக்கலாம். விற்பவர் கொடுக்கும் நகலை மட்டும் நம்பாமல் எடுத்துப் பார். 2024 கடைசியிலிருந்து நகர எல்லைக்குள் இ-கத்தா இல்லாமல் பத்திரம் பதிய மாட்டார்கள். விதிப்படி உள்ள சொத்துக்கான ஏ கத்தாவா, முறைப்படி அனுமதி இல்லாததற்கான பி கத்தாவா என்று கேள். பி கத்தா என்றால் பல பேங்குகள் கடன் கொடுக்கவே யோசிக்கும், விலை குறைவாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். பழைய ரசீதில் பிபிஎம்பி (பழைய பெங்களூரு மாநகராட்சி) என்றும் புதியதில் வேறு மாநகராட்சி பெயரும் இருந்தால் குழம்பாதே. 2025 செப்டம்பரில் அதைக் கலைத்து, கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் ஆக்கியிருக்கிறார்கள்.

ஓ.சி. விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. "இந்தப் பக்கம் யாருக்குமே ஓ.சி. கிடையாது சார், எல்லாரும் இருக்காங்களே" என்பார்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், முடிப்புச் சான்றோ குடியேற்றச் சான்றோ இல்லாத கட்டடத்துக்குத் தண்ணீர், மின்சார இணைப்பு கொடுக்கக் கூடாது என்றும், பேங்குகளும் அதைப் பார்த்துத்தான் கடன் கொடுக்க வேண்டும் என்றும் தெளிவாகச் சொல்லிவிட்டது. நீ வாங்கலாம், ஆனால் நாளைக்கு உன்னிடமிருந்து யார் வாங்குவார்கள்?

பழைய பத்திரங்கள் கன்னடத்தில் இருக்கலாம். உனக்குக் கன்னடம் பேச வரும், பத்திரக் கன்னடம் வேறு. நமக்காகப் பார்க்கும் வக்கீல் பேங்க் வக்கீலாக இருக்கக் கூடாது. பேங்க் வக்கீல் பேங்கின் பணத்தைக் காப்பாற்றுவார், அவ்வளவுதான். விற்பவருக்கே அந்த வீட்டின் மேல் கடன் இருந்தால் ஒரிஜினல் பத்திரம் அவருடைய பேங்கில் இருக்கும். பாக்கி எவ்வளவு என்று அந்த பேங்கின் கடிதத்தையும், அங்கே என்னென்ன பத்திரங்கள் இருக்கின்றன என்ற பட்டியலையும் வாங்கு. கடனை முழுதாக அடைத்த 30 நாளுக்குள் பேங்க் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அக்ரிமென்ட்டில் ஒரு வரி கட்டாயம் எழுதச் சொல்: பத்திரத்தில் குறை இருந்து பேங்க் கடன் மறுத்தால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பி வர வேண்டும். இந்த வரிக்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் வெள்ளிக்கிழமை டோக்கன் கொடுக்க வேண்டாம்.

அடுத்த முறை அந்த வீட்டைப் பார்க்கப் போகும்போது பாத்ரூமுக்குள் போய்க் குழாய் முனையைத் தடவிப் பார். வெள்ளையாக, சுண்ணாம்பு மாதிரிச் சொரசொரவென்று படிந்திருந்தால் வீட்டுக்கு வருவது போர் தண்ணீர். ஷவரின் பாதித் துளைகள் அடைபட்டிருக்கும், கண்ணாடித் தடுப்பில் துடைத்தாலும் போகாத புள்ளிகள் இருக்கும். வாஷிங் மெஷின், கீசர், உன் மனைவியின் தலைமுடி எல்லாவற்றுக்கும் அதுதான் வரப்போகிறது. காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி, ஓரத்து 110 கிராமங்களுக்கும் தண்ணீர் என்றார்கள். தெருவில் குழாய் வந்திருப்பது வேறு, அந்த அபார்ட்மென்ட் பணம் கட்டி இணைப்பு எடுத்திருப்பது வேறு. அசோசியேஷனிடம் பில்லைக் காட்டச் சொல். அப்படியே கேட்டில் நிற்கும் செக்யூரிட்டியிடம், கோடைக்காலத்தில் ஒரு நாளைக்கு எத்தனை டேங்கர் வரும் என்று கேள். 2024 மார்ச்சில் இந்த ஊர் தண்ணீருக்குப் பட்ட பாடு உனக்கும் தெரியும். டேங்கர் காசு மெயின்டெனன்ஸில் வந்து விழும், அதுவும் மாதச் செலவுதான். மழை பெய்த மறுநாள் ஒரு முறை போய் பேஸ்மென்ட் பார்க்கிங்கைப் பார்த்துவிடு. பெல்லந்தூர் பக்கம் 2022 செப்டம்பரில் கார்கள் மூழ்கியது ராஜகாலுவேக்களையும் (மழைநீர்ப் பெருங்கால்வாய்கள்) ஏரிகளையும் மறந்து கட்டியதால்தான்.

சமையலறையை ஒட்டிய யுட்டிலிட்டியில் கிரைண்டருக்குப் பிளக் பாயின்ட் இருக்கிறதா என்றும் பார். நம் வீட்டுக்கு அது வேண்டும்.

நாள் விஷயம். அக்ரிமென்ட்டில் காலக்கெடு எழுதும்போது பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வை. நம் ஆடி சூரியக் கணக்கு, கன்னடக்காரர்களின் ஆஷாடம் சந்திரக் கணக்கு, இரண்டும் முன்னே பின்னே விழும். விற்பவர் ஆஷாடத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்பார், சித்தி ஆடியில் பால் காய்ச்சக் கூடாது என்பாள், நடுவில் காலக்கெடுவும் பேங்கின் கடன் அனுமதியும் காலாவதியாகிவிடும். அதற்கு இடம் விட்டு எழுது. பால் காய்ச்சும் நாளிலேயே சாமானையும் ஏற்ற வேண்டியதில்லை. நல்ல நாளில் ஒரு அடுப்பு, ஒரு நந்தினி பால் பாக்கெட், சாமி படம் எடுத்துப் போய் பால் காய்ச்சிவிட்டு வந்துவிடுங்கள். மர வேலை, சுத்தம் எல்லாம் முடிந்த பிறகு சாமானோடு போகலாம்.

சாமான் ஏற்றுகிறவர்களை வீட்டுக்கு வந்து பார்த்து எழுத்தில் விலை சொல்லச் சொல். போனில் சொல்லும் விலை இறக்கும் இடத்தில் ஏறும். புது அபார்ட்மென்ட்டில் சாமான் இறக்க எந்த நேரம் அனுமதி, எந்த லிஃப்ட், தனிக் கட்டணம் உண்டா என்று முன்கூட்டியே கேள். பத்திரங்கள், நகை, பிள்ளையின் பள்ளிச் சான்றிதழ்கள் உங்கள் கையோடு வரட்டும்.

வெள்ளிக்கிழமையை அடுத்த வாரத்துக்குத் தள்ளு. நல்ல வீடு என்றால் ஒரு வாரத்தில் ஓடிவிடாது, ஓடினால் வேறு பார்ப்போம். இந்த ஞாயிற்றுக்கிழமை ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டுக்கு நீங்கள் இருவருமே வாருங்கள். வரும்போது ஈ.சி., தாய்ப்பத்திர நகல், இ-கத்தா, உன் மூன்று மாதச் சம்பளச் சீட்டு எடுத்து வா. மாமாவின் நண்பர் ஒருவர் கன்னடப் பத்திரம் படிப்பதில் கெட்டிக்காரர், அவரையும் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா